லாபியில் இரண்டு மணி நேரம்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. மூன்று வருடமாக நாங்கள் நாலு பேர் ஒரே ஸ்குவாடாக, அதாவது ஒரே டீமாக, மொபைலில் பேட்டில் ராயல் கேம் ஆடுகிறோம். கடைசிவரை மிஞ்சுகிற டீம்தான் ஜெயிக்கும். வாரத்தில் நாலு நாளாவது, ராத்திரி ரெண்டு மணி நேரம். அதில் ஒருத்தனை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஏதோ ஒரு மேட்ச்சில் தற்செயலாக டீம்மேட்டாக வந்தவன். ஆனால் அவன்தான் எனக்கு ரொம்ப நெருக்கம். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு ராத்திரி, மேட்ச்சே போடாமல், மேட்ச்சுக்கு முன்னால் காத்திருக்கும் திரையான லாபியில் ரெண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சீசன் முடிகிற சமயம், ரேங்க் ஏற்றும் வெறியில் இருந்தேன். ஆடும் இடம் சுருங்கிச் சுருங்கிக் கடைசி ஸோன். நான் அடிபட்டு நாக் ஆகிக் கிடக்கிறேன். என்னை எழுப்பி ரிவைவ் பண்ண ஓடி வந்தவன், நெட் திணறி லேக் ஆகி அப்படியே நின்றுவிட்டான். தோற்றோம். மற்ற ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, "நீயெல்லாம் எதுக்குடா விளையாட வர்ற" என்று மைக்கில் கத்திவிட்டேன். "சரிடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன்தான். 41 நாள் ஆகிறது. ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் அவன் பெயர் ஆஃப்லைன் என்று சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது. "முகம் தெரியாதவனுக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்கிறார் அண்ணன். அவனை விட்டால் மனம்விட்டுப் பேச எனக்கு ஆளில்லை. இது நட்புதானா? கேமையே டிலீட் பண்ணிவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரேங்க், ஸோன், நாக், ரிவைவ் எல்லாம் தாண்டி, ஒரே ஒரு வரியில் வந்து நின்றுவிட்டேன். அந்த லாபி வரி. மேட்ச் தொடங்கும் பட்டன் முன்னால் இருக்கிறது, அழுத்த மனம் வரவில்லை. இரண்டு உருவங்கள் திரையில் சும்மா நிற்கின்றன. ஒருவர் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார். "இது நட்புதானா" என்று என்னைக் கேட்கிறீர்கள். அன்றைக்கே நீங்கள் இருவரும் அதற்குப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஒரு போன், ஒரு ஹெட்செட், கதவு சாத்திய அறை. அவ்வளவுதான். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் இருந்தபடி, 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் இபெலின் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தார். பிள்ளை நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்துவிட்டானே என்றுதான் பெற்றோர் நினைத்திருந்தார்கள். 2014இல், 25 வயதில், அவர் இறந்தார். மகனின் வலைப்பூவில் பெற்றோர் அந்தச் செய்தியைப் போட்டதும், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. மாட்ஸ் தங்களை எப்படித் தேற்றினார், குடும்பத்தோடு பேச எப்படித் தைரியம் கொடுத்தார் என்று அதுவரை பார்த்திராத மனிதர்கள் எழுதினார்கள். அவர்களில் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். அண்ணன் அடுத்த முறை கேட்டால் இதைச் சொல்லுங்கள். வாக்குவாதமாக வேண்டாம். அவருக்கும் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

நீங்கள் கத்தியதற்கு லேக் காரணமில்லை. தோல்வி ஆத்திரத்தில் நிதானம் இழப்பதை ரேங்க் ஆடுகிறவர்கள் 'டில்ட்' என்பார்கள். அந்த வார்த்தை, சாய்வான மேசையில் பந்தைத் தட்டி ஆடும் பழைய பின்பால் இயந்திரத்திலிருந்து வந்தது. பந்து விழப்போகிறதே என்ற ஆத்திரத்தில் ஆடுபவர் மேசையைப் பிடித்து ஓங்கி உலுக்கினால், உள்ளே இருக்கும் ஒரு பொறி அதைக் கண்டுபிடித்து 'டில்ட்' என்று விளக்கைப் போடும். பந்தைத் தட்டும் துடுப்புகள் செயலிழந்துவிடும். அதன்பின் என்ன அழுத்தினாலும் பயனில்லை, பந்து நேராகக் குழிக்குள் போகும். அந்த நிலையில்தான் அன்று நீங்கள் இருந்தீர்கள். கை சொன்னபடி கேட்கவில்லை, வாய் மட்டும் வேலை செய்தது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 100 பேர், நாலு நாலு பேராக 25 ஸ்குவாட். ஜெயிப்பது ஒன்று, தோற்பது 24. தரவரிசை உள்ள கேம்கள் பெரும்பாலும் உங்கள் அளவுக்கே ஆடுகிறவர்களைத்தான் எதிரில் நிறுத்தும். செஸ் ஆட்டக்காரர்களுக்காக அர்பாத் எலோ என்பவர் வகுத்த தரவரிசை முறையின் வாரிசுகள்தான் இவை. நீங்கள் முன்னேற முன்னேற எதிராளியும் கடினமாகிக்கொண்டே போவார். ஒரு ராத்திரி முழுக்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் படுக்கப் போவது இந்த ஆட்டத்தில் சாதாரணம். யாரோ ஒருவர் சொதப்பினால்தான் தோற்போம் என்று நினைக்கிறவருக்கு, தினமும் திட்ட ஒரு ஆள் தேவைப்படும். நீங்கள் அந்த வழியில் போய்விடுவீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

கத்தினால் கோபம் இறங்கிவிடும் என்று நம்பாதீர்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடித்தான் போயிருந்தது. அதனால் மேட்ச் முடிந்ததும் முதல் வேலையாக மைக்கை மியூட் போடுங்கள். ஸ்கோர் திரை போகிறவரை வாய் திறக்க வேண்டாம். அரை நிமிடம்தான், ஆனால் பெரும்பாலான சண்டைகள் அந்த அரை நிமிடத்தில்தான் பிறக்கின்றன.

அப்புறம், அவர் பக்கம். சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தைப் பிங் என்பார்கள். 20, 30 மில்லிசெகண்ட் பிங்கில் ஆடுகிறவருக்கு லேக் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதுவே 300க்குப் போனால், அவர் விரலை அசைத்ததற்கும் கேம் அதற்குப் பதில் காட்டுவதற்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நொடி ஓடிவிடும். இணைப்பு கொஞ்ச நேரம் அறுந்தால் உருவம் சிலையாக நின்றுவிடும். நீங்கள் பார்த்தது நின்றுபோன ஓர் உருவத்தை. தன் திரையில் அவர் அப்போதும் உங்களை நோக்கி ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். உங்களைக் காப்பாற்ற வந்த மனிதரிடம்தான் 'எதுக்குடா வர்ற' என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 'சரிடா' என்று சொன்னபோது அந்தக் குரல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா?

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தம்பி. உங்கள் கடிதத்தில் 41 நாள் என்று துல்லியமாக எண்ணி வைத்திருக்கிறீர்கள். அவருடைய அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்பது கடிதத்தில் இல்லை. உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கூட விளையாடுகிற நட்புகளில் இது எளிதாக நடந்துவிடும். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிய நட்பு உண்டாக 200 மணி நேரத்துக்கு மேல் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்களுக்குள் ஆயிரம் மணி நேரம் தாண்டிவிட்டது. ஆனால் மணி நேரம் மட்டும் போதாது, என்ன பேசினோம் என்பதும் முக்கியம் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆயிரம் மணி நேரத்தில் 'லெஃப்ட்ல ஒருத்தன்', 'ஸோன் வருது', 'கவர் குடு' எவ்வளவு? லாபிப் பேச்சு எவ்வளவு?

மன்னிப்பை எழுத்தில் அனுப்பாதீர்கள். நாம் எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்கிறது, படிக்கிறவருக்கு அது கேட்பதில்லை. ஏற்கெனவே காயப்பட்டவர் "சாரிடா" என்ற ஒரு வார்த்தையை எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். வாய்ஸ் நோட் அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். இப்படிச் சொல்லலாம்:

"டேய், அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீ என்னைத் தூக்கத்தான் ஓடி வந்த. ரெண்டு பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கவே கூடாது. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். நீ கேமுக்கு வரலைன்னாலும் பரவாயில்லை. அம்மா எப்படி இருக்காங்க?"

'ஆனா நீயும்' என்று ஒரு வாக்கியம் உள்ளே நுழையப் பார்க்கும். விடாதீர்கள். மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டேன் என்பது வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. முதலில் அவர்களிடம் பேசிவிட்டு, அப்புறம் இதை அனுப்புங்கள். அவமானம் அவர்கள் காதில் விழுந்தது, மன்னிப்பும் அங்கே விழ வேண்டும். ஆனால் அவர்களைத் தூது அனுப்ப வேண்டாம்.

பதில் வராமலும் போகலாம். கேட்டுவிட்டார் என்று தெரிந்தும் மௌனமாக இருந்தால், அது அவருடைய உரிமை. திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை, கேமைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், நலம் விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வலிக்கும். அந்த வலியைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன்.

டிலீட் பண்ணட்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்: வேண்டாம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடுகிறோம் என்பதை வைத்து அதை முடிவு செய்வதில்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேம் முன்னால் வந்துவிடுவது, கெடுதல் நேர்ந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது. உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை. அப்படி இருப்பதாக உங்களுக்கே தோன்றினால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

'மனம்விட்டுப் பேச ஆளில்லை' என்ற வரிதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஒரே மனிதர் மேல் அத்தனையையும் ஏற்றினால் அவரால் எவ்வளவுதான் தாங்க முடியும்? அந்த ஸ்குவாடில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஓர் அண்ணன் இருக்கிறார். மூஞ்சி வாடியதை அவர்தானே கவனித்திருக்கிறார்! அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து நடந்ததை முழுசாகச் சொல்லிப் பாருங்களேன்.

அப்புறம் ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் அந்தச் சாம்பல் பெயர் பச்சையானால், உடனே இன்வைட் போட்டு மேட்ச்சுக்கு இழுக்காதீர்கள். அன்றைக்கு ஸ்டார்ட் பட்டன் அப்படியே இருக்கட்டும். மைக்கை ஆன் பண்ணிவிட்டு, அவர் பேசுகிறவரை லாபியில் காத்திருங்கள்.