வயலை விற்று ஃபாஷன் டிசைன் படிக்க வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம். இரண்டு ஏக்கர் வயலும் ஒரு சின்னக் கடையும் இருக்கிறது. மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். ஆடை வடிவமைப்புத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். கணக்கிலும் கெட்டிக்காரி, அதையும் கைவிட மனமில்லையாம். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் வெளிநாட்டுப் பட்டத்துக்கு மூன்று வருடத்துக்கு 36 இலட்சம் என்கிறார்கள். ஒரு ஏக்கரை விற்று, மிச்சத்துக்கு வங்கியில் கடன் எடுக்கலாமா? பிரான்சில் இருக்கும் தம்பியும் உதவுவதாகச் சொல்கிறான்.

பதில்: அம்மா, கல்லூரியைப் பேச முதல் காணியைப் பேசுவோம். உங்கள் வயல் சொந்த உறுதி உள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பெமிற் காணியா? குடியேற்றத் திட்டப் பக்கங்களில் பல வயல்கள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பெமிற் என்றாலும், அதற்குப் பிறகு அரசு தரும் அளிப்புப் பத்திரம் என்றாலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நினைத்தபடி துண்டாக்கவும் முடியாது. வெற்றுத் தாளில் எழுதிக் காசை வாங்கிவிட்டுப் பிறகு வழக்குக்கு அலைய வேண்டாம்.

சரி, விற்க முடிந்தாலும் நான் விற்கச் சொல்லமாட்டேன். அந்த 36 இலட்சம் முழுச் செலவில்லை. அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 35,000 என்று இறுக்கிப் போட்டாலும் 36 மாதத்துக்கு 12 இலட்சத்து 60 ஆயிரம். இதற்கு மேல் துணி, நூல், லப்டொப், கடைசி வருடத்தில் பிள்ளை தானே தைத்துக் காட்ட வேண்டிய உடுப்புகள் என்று வரும். கட்டணத்தில் ஒரு பகுதி பவுண்ஸிலா என்றும் கேளுங்கள். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த நேரம் வெளிநாட்டுக் காசில் கட்டணம் கட்ட வேண்டியிருந்த பெற்றோர் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன்.

இனிக் கடன். 25 இலட்சத்தை 14 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதக் கட்டுப்பணம் ஏறக்குறைய 58,000 வரும். நெற்காசு மாரி மழையில் விளையும் காலபோகத்தில் ஒருமுறை வரும். கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை இரணைமடுக் குளத்துத் தண்ணீர்தான் சொல்லும். வங்கிக்கோ மாதாமாதம் கட்ட வேண்டும். ஏக்கர் ஒன்றை விற்றபின் நெல் வருமானமும் பாதி. இடைவெளியை நிரப்ப நுண்கடன் எடுத்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

மகளுக்கு வேண்டியது கணக்கும் வடிவமைப்பும் ஒன்றாக இருக்கும் படிப்பு. அது காசில்லாமலே இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபாஷன் டிசைனும் உற்பத்தி அபிவிருத்தியும் என்ற நான்கு வருடப் பட்டம், துணி மற்றும் ஆடைப் பொறியியல் துறையின் கீழ்தான் நடக்கிறது. பொறியியல் நிழலில் வளர்ந்த வடிவமைப்புப் பட்டம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. இதற்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைத் தனியாகக் கோருவார்கள். அந்தத் திகதியைத் தவறவிட்டால் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே பெறுபேறு வரட்டும் என்று இருக்காமல் பல்கலைக்கழக இணையத்தளத்தை இப்போதிருந்தே பாருங்கள். அதே துறையில் கணிதப் பிரிவினருக்கான பொறியியல் பட்டமும் உண்டு, ஆனால் அதில் வரைவதைவிட நூலும் இயந்திரமும்தான் அதிகம்.

மொறட்டுவை போன்ற அரச பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கும் மகாபொலப் புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். விடுதிச் செலவுக்கு அது காணாது. தம்பியின் உதவியை அந்த இடத்தில் வையுங்கள். எவ்வளவு, எத்தனை மாதம் என்று அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவருக்கும் அங்கே வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருக்கும்.

மொறட்டுவை கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் கைத்தொழிற் கற்கைகள் பட்டத்திலும் ஆடைத்துறைப் பிரிவு இருக்கிறது. தனியார் கல்லூரியைக் கடைசியாகப் பாருங்கள். பார்க்கும்போது மேடை ஃபாஷன் ஷோ படங்களை மூடி வைத்துவிட்டு இரண்டாம் வருட நேர அட்டவணையைக் கேளுங்கள். துணி அறிவியல், பற்றன் வெட்டுதல், விலைக்கணிப்பு, தொழிற்சாலைப் பயிற்சி எல்லாம் அதில் இருக்க வேண்டும். வரைவது மட்டும்தான் என்றால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்த இடம் எதற்கு? பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதையும் நீங்களே விசாரியுங்கள், கல்லூரி மேசையில் இருப்பவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, வவுனியாவிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் தையல் வேலை. வடிவமைப்பு வேலை கொழும்புப் பக்கம்தான். படித்துவிட்டு வீட்டோடு இருப்பாள் என்று கணக்குப் போடாதீர்கள்.

முடிவு வரும்வரை ஊரில் ஒரு நல்ல தையற்காரரிடம் மகளை விடுங்கள். மூன்று மாதம் காலர் வெட்டியும் சட்டைக் கை பொருத்தித் தைத்தும் அலுக்காவிட்டால் ஆசை உண்மைதான். அந்தத் துண்டுகளையும் வரைபடங்களையும் சேர்த்து வைக்கட்டும். பின்னேரங்களில் ஆங்கிலமும் படிக்கட்டும், பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான்.

இதற்கிடையில் மாத முடிவுக்குள் கட்டினால் கட்டணத்தில் கழிவு என்று அந்தக் கல்லூரி அழைத்தால், சேராவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் ஒரு சதமும் கட்டாதீர்கள்.