மாடியில் சோலார் போட்டால் கரண்ட் பில் பூஜ்யம் ஆகுமா?

ஒவ்வொரு பில்லிலும் 500 யூனிட்டைத் தாண்டுகிறோம், மானியம் இருக்கும்போதே சோலார் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபேனை அணைக்காமல் வந்தது யார் என்று உங்கள் வீட்டிலும் தினம் ஒரு பஞ்சாயத்து நடக்கும் என்று நினைக்கிறேன். போடுங்கள். ஆனால் எங்கள் கதையையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாயாக இருந்த பில் 1,725 ஆனது. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்கு டார்ச்சும் நோட்டுமாக மீட்டர் பெட்டி முன்னால் நிற்பார். 470 தாண்டியதும் ஏசி ரிமோட் பீரோவுக்குள் போய்விடும். சாவி அவர் இடுப்பில்.

2024-இல் மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் போட்டோம். மானியம் 78,000 ரூபாய் கிடைத்தது. நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வரும். முதல் பில் பூஜ்யம். அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார் பாருங்கள், அங்கேதான் வினை.

"சும்மா வர்ற கரண்ட்தானே" என்று பையன் பட்டப்பகலில் ஏசி போட ஆரம்பித்தான். நானும் யோக்கியம் இல்லை, சிலிண்டர் மிச்சமாகட்டும் என்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். கொழுந்தனார் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோடு வந்து, "வெயில் சும்மாதானே அடிக்குது அண்ணி" என்று வயரைச் சொருகிவிட்டுப் போவார். ஏழு மணிக்கு ஏது வெயில்? கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய கைமாற்றையே இன்னும் தரவில்லை, அது தனிக் கதை.

முன்பு 480-இல் நின்ற வீடு போன கோடையில் 1,040 யூனிட் இழுத்தது. மாடி கொடுத்தது போக பில் கிட்டத்தட்ட 900 ரூபாய்.

உடனே "சோலாருக்கு எதிராகப் பேசுகிறாள்" என்று கீழே எழுத வராதீர்கள். சோலார் இல்லாவிட்டால் அந்த 1,040-க்கு என்ன வந்திருக்கும் என்று எனக்கும் கணக்குத் தெரியும். ஆனால் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் மார்தட்ட முடியாது. ராத்திரி இரண்டு ஏசி ஓடுவது பெரும்பாலும் நிலக்கரிக் கரண்டில்தான்.

இன்னொன்று, இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பேட்டரி இல்லாத சோலார் என்றால் கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் மே மாத மத்தியானம், மாடியில் பலகை தகதகக்க, கீழே விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மறுபடி டார்ச், மறுபடி நோட்டு. அதில் வந்தது, போனது என்று இரண்டு பத்தி. கொழுந்தனார் பெயரில் மூன்றாவதாக ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். மனுஷன் காதில் வாங்கவில்லை.