காய்கறி வண்டிலேருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் – கேள்வி பதில்

போன மாசம் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்து 108க்கு போன் பண்ணோம். வந்த பொண்ணு டாக்டர் இல்ல, ஆனா ஆக்ஸிஜன் மாஸ்க் வச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிச்சு. இந்த முறைய முதல்ல யார் கொண்டு வந்தாங்க? – ஒரு வாசகி, தேனி

மாமனார் இப்ப எப்படி இருக்கார்னு எழுதவே இல்லையேம்மா! முதல்ல யாருன்னா ஒரே ஊரை கை காட்ட முடியாது. 1966ல பெல்ஃபாஸ்ட்ல டாக்டர் பான்ட்ரிட்ஜ் இதயத்துக்கு ஷாக் குடுக்கற மிஷினோட வண்டி விட்டார், ஆனா அதுல டாக்டரும் கூடவே போனார். டாக்டர் இல்லாம சாதாரண ஆளுங்கள தயார் பண்ண கதைன்னா எனக்கு ரொம்ப பிடிச்சது அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இருந்த ஃப்ரீடம் ஹவுஸ்ங்கற ஆம்புலன்ஸ் சேவைதான்.

அப்பல்லாம் அந்த ஊர்ல நோயாளிய ஏத்திட்டு போனது போலீஸ் வேன், அமெரிக்காவுல பல ஊர்ல பிணம் தூக்கற கம்பெனி வண்டிதான் ஆம்புலன்ஸ், பொழைச்சா ஒரு வாடகை செத்தா இன்னொரு வாடகைன்னு வச்சுக்கோங்களேன். போலீஸ்காரங்க ரெண்டு பேரும் முன்னாடி உக்காந்துக்குவாங்க, பின்னாடி நோயாளி தனியா. 1966 நவம்பர்ல அந்த மாநிலத்தோட பழைய கவர்னர் டேவிட் லாரன்ஸ் மேடையிலயே விழுந்தார், அவரையும் இப்படித்தான் கொண்டு போனாங்க, சில வாரத்துல இறந்துட்டார். கவர்னருக்கே அந்த கதின்னா ஹில் டிஸ்ட்ரிக்ட்ங்கற பகுதியில இருந்த கறுப்பின மக்கள் நிலைமை என்ன, அவங்க போலீஸை கூப்பிடவே பயந்தாங்க.

வாயோட வாய் வச்சு மூச்சு குடுக்கற முறைய ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச டாக்டர் பீட்டர் சஃபார் அப்ப அந்த ஊர்லதான் இருந்தார். அதே 1966ல அவரோட 11 வயசு பொண்ணு ஆஸ்துமாவுல போயிடுச்சு. மூச்சு நின்னவங்கள காப்பாத்த உலகத்துக்கே சொல்லிக்குடுத்தவர் வீட்டுலயே இப்படி. அதுக்கப்புறம் அவர் ஃப்ரீடம் ஹவுஸுக்காக ஹில் டிஸ்ட்ரிக்ட்லயே வேலை இல்லாம இருந்த பசங்கள சேர்த்தார், சிலர் பள்ளிக்கூடமே முடிக்கல, சிலர் வியட்நாம் போயிட்டு வந்தவங்க. சுமார் 300 மணி நேரம் பாடம், ஆஸ்பத்திரி வார்டுல பயிற்சி. 1968ல வண்டி ஓட ஆரம்பிச்சுது. தலைமாட்டுல உக்காந்து மூச்சு குடுக்கற மாதிரி வண்டிக்குள்ள இடம் வச்சதும் சஃபார் யோசனைதான்.

அவ்வளவு நல்லா நடந்தா இன்னைக்கும் இருக்கணுமே? – அதே வாசகி

இருக்கணும்தான். ஆனா 1975 அக்டோபர்ல நகராட்சி தனியா ஆம்புலன்ஸ் ஆரம்பிச்சு இதை மூடிட்டாங்க. மெடிக்கல் டைரக்டரா இருந்த டாக்டர் நான்சி கரோலின் என் ஆளுங்களையும் சேர்த்துக்கணும்னு அடம்பிடிச்சாங்க, சரின்னு சொன்னாங்க, அப்புறம் புது பரீட்சை, பழைய போலீஸ் கேஸ் அது இதுன்னு நிறைய பேரை வெளிய தள்ளிட்டாங்க. எனக்கு இதுதான் ஆத்திரம், ஏன்னா நாடு முழுக்க பாராமெடிக்குகளுக்கான, அதாவது டாக்டர் இல்லாம ஆம்புலன்ஸ்ல அவசர சிகிச்சை குடுக்கறவங்களுக்கான பாடத்திட்டத்தை கரோலின் எழுதினதே இந்த பசங்களோட வேலை செஞ்ச அனுபவத்துலதான். தாக்குப்பிடிச்சவங்கள்ல ஜான் மூன் பின்னாடி அந்த நகராட்சி சர்வீஸ்லயே துணைத் தலைவர் வரைக்கும் போனார்.

ஃப்ரீடம் ஹவுஸ்னா ஆஸ்பத்திரியா? – ஒரு வாசகர், கரூர்

இல்ல சார். ஹில் டிஸ்ட்ரிக்ட் மக்களுக்கு வேலை வாங்கிக்குடுக்கற அமைப்பு, வண்டியில காய்கறி கொண்டு போய் குடுத்துட்டு இருந்தாங்க. வண்டி ஓட்ட ஆள் இருக்கே, நோயாளிய ஏத்தினா என்னன்னுதான் முதல்ல யோசிச்சாங்க.