கெட்ட செய்தி உங்கள் காதுக்கு எப்போது வருகிறது? – தலைமையும் உணர்வு நுண்ணறிவும்: கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேல் டீம்களை நடத்தியவள் நான். இப்போது புதிதாக மேனேஜர் ஆகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். உணர்வு நுண்ணறிவு (ஆங்கிலத்தில் ‘இமோஷனல் இன்டலிஜென்ஸ்’, சுருக்கமாக ஈக்யூ) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மனநலச் சிகிச்சையும் சட்டமும் என் துறை அல்ல.

கே: மேடம், எல்லாரிடமும் அன்பாக இருப்பதற்குத்தான் ‘இமோஷனல் இன்டலிஜென்ஸ்’ என்று பெயரா?

இல்லை. அன்பு ஒரு குணம், இது ஒரு திறமை. 1990-இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள் இதற்கு வரையறை தந்தார்கள்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது, அந்தத் தகவலை வைத்து யோசித்து நடப்பது. ‘தகவல்’ என்ற சொல்தான் இதில் முக்கியம். பேசிக்கொண்டிருப்பவரின் குரல் தணிகிறது, பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குகின்றன. அதுவும் தகவல்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர் கடுமையான முடிவும் எடுப்பார். எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கும் மேனேஜரிடம், டெட்லைன் தவறப்போகிறது என்று சொல்ல டீம் தயங்குகிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. அவரிடம் கனிவு இருக்கிறது, இந்தத் திறமை இல்லை.

கே: வெற்றிக்கு 80 சதவீதம் ஈக்யூ, 20 சதவீதம்தான் ஐக்யூ என்று பயிற்சியில் சொன்னார்களே?

தயவுசெய்து இதை யாரிடமும் திருப்பிச் சொல்லாதீர்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வாழ்க்கை வெற்றியில் ஐக்யூவின் பங்கு அதிகபட்சம் 20 சதவீதம், மிச்சம் 80 மற்ற காரணங்கள் என்றுதான் அதில் இருக்கிறது. பிறந்த குடும்பத்தின் வசதி, அதிர்ஷ்டம் எல்லாம் அந்த 80-க்குள் அடக்கம். அதை அப்படியே ஈக்யூ கணக்கில் எழுதியது பிறகு வந்தவர்கள்.

கே: ரிவ்யூ மீட்டிங்கில் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் முகத்தில் காட்டாமல் அடக்கிக்கொள்கிறேன். அது போதும்தானே?

போதாது. இதை அனுபவித்தவள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் டீம் லீடாக இருந்த காலம். வாராந்திர மீட்டிங்கில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பையன், “டேட்டா மாற்றும்போது சில ரெக்கார்டு விடுபடுகிற மாதிரி இருக்கு மேடம், இன்னும் முழுசா பார்க்கல…” என்று ஆரம்பித்தான். ரிலீசுக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவன் பாதியில் நிறுத்தி, “பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்” என்று உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடுபட்ட ரெக்கார்டுகளை ரிலீசுக்குப் பிறகு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். அந்தப் பழி அவன் தலையில் விழவில்லை. விழக்கூடாது என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அந்த டீமில் யாரும் ‘மாதிரி இருக்கு’ என்று ஆரம்பிக்கவே இல்லை. முழுசாகத் தெரிந்தால்தான் வாயைத் திறந்தார்கள். அதற்குள் காரியம் கைமீறியிருக்கும்.

அடக்கிய கோபம் எங்கும் போவதில்லை. எமிலி பட்லரும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத பெண்களை இருவர் இருவராகப் பேசவைத்தார்கள். ஒருவர் தன் உணர்வை வெளிக்காட்டாமல் மறைத்தபோது, எதிரில் இருந்தவரின் ரத்த அழுத்தம் ஏறியது. அதாவது மறைப்பது ஒருவர், உடம்பு பதறுவது இன்னொருவருக்கு.

பிறகு என்னதான் செய்வது? முதலில் கோபத்துக்குப் பெயர் வையுங்கள். உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள, மூளையின் அமிக்டலா பகுதியில் செயல்பாடு தணிவதை மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் ஸ்கேனில் பார்த்தது. ‘கோபம்’ என்று மேலோட்டமாக நிறுத்தாதீர்கள். அன்று எனக்கிருந்தது கோபமே அல்ல, மேலிடத்தில் நான் பதில் சொல்லவேண்டுமே என்ற பயம். பயம் என்று தெரிந்திருந்தால், “கேட்கவே பதற்றமாத்தான் இருக்கு, ஆனா இப்பவே சொன்னது நல்லதுப்பா. எத்தனை ரெக்கார்டு இருக்கும்?” என்று கேட்டிருப்பேன். அந்த ஒரு கேள்வியோடு மீட்டிங் வேறு பாதையில் போயிருக்கும்.

கே: இலவச ஈக்யூ டெஸ்ட் எதையாவது சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். ‘நான் பிறர் உணர்வை எளிதில் புரிந்துகொள்வேன்: ஆம் / இல்லை’ என்று உங்களையே கேட்கும் தாள், உங்களைப் பற்றி உங்களுக்கு இருக்கும் அபிப்பிராயத்தைத்தான் அளக்கும். பிறரைப் புரிந்துகொள்ளாதவருக்கு, தான் புரிந்துகொள்ளவில்லை என்பதும் தெரியாதே.

கே: ஒன் ஆன் ஒன்னில் ஒரு பெண் அழுதுவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் அப்ரைசல் பேச்சைத் தொடர்ந்தேன். தவறா?

பேச்சை நிறுத்தியிருக்கலாம். அதற்காக ஆறுதல் சொற்பொழிவு தேவையில்லை. “கொஞ்சம் நிறுத்துவோமா, இல்ல இப்பவே பேசி முடிச்சிடலாமா? உங்க விருப்பம்” என்று கேட்டால் போதும். ஏன் அழுகிறீர்கள் என்று துருவாதீர்கள். மறுநாள் நீங்களே போய், “நேத்து நான் பாட்டுக்குப் பேசிட்டே போயிட்டேன், மன்னிச்சிடுங்க” என்று சொல்லுங்கள். இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

கே: என் மேலதிகாரி தினமும் தகாத வார்த்தைகளில் பேசுகிறார். அவர் ஈக்யூவை எப்படி உயர்த்துவது?

அது உங்கள் வேலை இல்லை. தேதி போட்டு எழுதி வையுங்கள். நிறுவனத்தின் புகார்க் குழுவிடமோ வழக்கறிஞரிடமோ போங்கள்.

கே: 80 சதவீதம் ஈக்யூதான் என்றால், ஆள் எடுக்கும்போது அதையே பார்க்கலாமே?

மேலே ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன், படியுங்கள். வேலையைப் பொறுத்தும் இது மாறும். டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களோடு உணர்வுபூர்வமாகப் பழகவேண்டிய வேலைகளில்தான் இந்தத் திறமை உதவியாகத் தெரிந்தது.

கே: மன்னிக்கவும் மேடம், இதெல்லாம் நடிப்பு. பயம் இருக்கும்போது “இப்பவே சொன்னது நல்லது” என்பது பொய்தானே?

நல்ல கேள்வி. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இலேயே இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்பது மேலோட்ட நடிப்பு. நினைப்பையே மாற்றி உணர்வை மாற்றிக்கொள்வது ஆழ்நடிப்பு. முதலாவது ஆளை அரித்துவிடும். நான் சொன்ன வாக்கியத்தில் பயத்தை மறைக்கவில்லையே. “பதற்றமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் பேசச் சொன்னேன்.

கே (வேறொருவர்): அவர் சொல்வதே சரி. இப்படி இனிக்கப் பேசித்தான் என் மேனேஜர் எங்கள் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு, எங்களுக்கு எதிராகவே பயன்படுத்தினார். கத்துகிறவர் எவ்வளவோ மேல்.

உங்களுக்கு நடந்தது உண்மை. ஆய்வும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஸ்டெஃபான் கோட்டே குழு 2011-இல் பார்த்தது இதுதான்: உணர்வைக் கையாளும் அறிவு, நல்லெண்ணம் உள்ளவரிடம் நன்மையாகிறது, சூழ்ச்சி மனம் உள்ளவரிடம் தீங்காகிறது. கத்தி மாதிரி, பிடிக்கிற கையைப் பொறுத்தது. ஆனால் ‘கத்துகிறவர் மேல்’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அவரிடமும் யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

கே (‘நடிப்பு’ என்று கேட்டவர்): கத்துகிறவர் டீமில் தவறுகள் குறைவு மேடம். என் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பார்த்தது, பதிவான தவறுகள். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். நல்ல குழுவில்தான் எண்ணிக்கை அதிகமாக வந்தது. துருவிப் பார்த்தபோது, அங்கே பிழையைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பது தெரிந்தது. கத்துகிறவர் டீமில் இந்த வருடம் பதிவான தவறுகளில் எத்தனையை உள்ளேயே சொன்னார்கள், எத்தனை வெளியிலிருந்து வந்தன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு வாருங்கள், விவாதத்தைத் தொடரலாம்.

கே: ஈக்யூ பிறவியிலேயே வருவதா? 80 சதவீதம் என்றால்…

பயிற்சியால் வளரும். அந்த 80-ஐ விடுங்கள்.

கே: நான் முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். கெட்ட செய்தி எப்போது நடந்தது, எப்போது உங்கள் காதுக்கு வந்தது. மூன்று மாதம் எழுதிவிட்டு இடைவெளி குறைகிறதா என்று பாருங்கள். என் நோட்டில் முதல் வரி: ‘நடந்தது திங்கள். தெரிந்தது அடுத்த மாதம்.’