சிறுநீர் குறைந்தால் வடிகட்டலும் குறைகிறதா? வேசோபிரசின் பற்றிய கேள்விகள்

கோடையில் வெயிலில் வேலை செய்யும் நாட்களில் சிறுநீர் மிகக் குறைவாக, அடர்மஞ்சளாகப் போகிறது. சிறுநீரகம் வடிகட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. ஆரோக்கியமான ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி, அதாவது நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர். மீதியெல்லாம் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. சிறுநீரின் அளவு கூடுவதும் குறைவதும் இந்தத் திரும்பும் கணக்கில்தான் முடிவாகிறது.

வடிகட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு, நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிக் குழலின் முதல் வளைவிலேயே, சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனான வேசோபிரசினின் தயவின்றித் திரும்புகிறது. இந்த ஹார்மோன் கைவைப்பது கடைசிப் பகுதியில். வியர்த்துக் கொட்டி, இரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸுக்குத் தெரிந்துவிடும். உடனே அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி வேசோபிரசினை விடுவிக்கும். அது நெஃப்ரானின் கடைசியில் வரும் சேகரிப்புக் குழலின் செல்களில் உள்ள வி2 ஏற்பியில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒட்டியதும், செல்லுக்குள் ஒதுங்கியிருந்த அக்வாபோரின்-2 என்ற நீர்வாயில்கள் மேல்சவ்வுக்கு வந்து அமரும்; குழலில் உள்ள நீர் அவற்றின் வழியே இரத்தத்துக்குத் திரும்பும். ஹார்மோன் அறவே இல்லாவிட்டால் நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் வரை வெளியேறலாம். உச்சத்தில் இருந்தால் அரை லிட்டரோடு முடிந்துவிடும். இரண்டு நிலையிலும் வடிகட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் நீரிழப்பு முற்றி இரத்த அழுத்தமே இறங்கினால் வடிகட்டல் உண்மையிலேயே சரியும். தலைச்சுற்றலோடு அரைநாளுக்கு மேல் சிறுநீரே போகவில்லை என்றால், வீட்டில் மோர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

வேசோபிரசின் என்ற பெயருக்கே இரத்தக்குழாயை நெருக்குவது என்றுதானே பொருள்? நெருக்கினால், வடிகட்டும் நுண்குழாய்க் கொத்தான குளோமருலஸுக்குப் போகும் இரத்தம் குறைந்து வடிகட்டலும் குறைய வேண்டாமா? (முதலாண்டு மருத்துவ மாணவி)

பெயர் வந்த வரலாறுதான் குழப்பத்துக்குக் காரணம். 1895-ல் ஆலிவரும் ஷேஃபரும் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டார்கள். சிறுநீரைக் குறைக்கும் குணம் 1913-ல்தான் தெரியவந்தது. அதற்குள் அழுத்தத்தை வைத்தே அடையாளம் நிலைத்துவிட்டது. குழாயை நெருக்குவது வி1ஏ என்ற வேறோர் ஏற்பி. அது நன்றாக வேலை செய்ய, தாகத்தின்போது சுரப்பதைவிடப் பல மடங்கு ஹார்மோன் வேண்டும். பெரும் இரத்தப்போக்கில் அது நடக்கும். அப்போது வடிகட்டல் குறையத்தான் செய்யும். அன்றாட அளவில் அந்த நெருக்கல் பெரிதும் தெரிவது சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவில். அங்கே இரத்த ஓட்டம் மந்தமாவதால் உப்பும் யூரியாவும் அடித்துச் செல்லப்படாமல் தேங்குகின்றன. சிறுநீரைச் செறிவாக்க அது உதவியே.

இப்போது பாடப்புத்தகத்தில் பலரும் பார்க்காத பக்கம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1961-ல் கண்டறியப்பட்ட பிராட்டில்பரோ எலிகளுக்கு மரபுப் பிழையால் மூளையிலிருந்து இந்த ஹார்மோன் வருவதில்லை. ஓயாமல் குடித்து ஓயாமல் கழிக்கும் பிராணிகள் அவை. சாதாரண எலிகளுக்கும் இவற்றுக்கும் வி2 ஏற்பியை மட்டும் தூண்டும் டெஸ்மோபிரசினைச் சில நாட்கள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வடிகட்டல் வீதம் குறையவில்லை, கூடியது!

காரணம் சுற்றுவழியானது. சிறுநீர் செறிவாகும்போது யூரியா மெடுல்லாவில் சிக்கிச் சுழல்கிறது. நெஃப்ரானின் நடுப்பகுதியான ஹென்லி வளைவைத் தாண்டி மேக்குலா டென்சா என்ற உணர்திட்டை அடையும் திரவத்தில் உப்பின் செறிவு குறைகிறது. ‘வடிகட்டல் போதவில்லை’ என்று எண்ணிக்கொள்ளும் அந்தத் திட்டு, குளோமருலஸுக்குள் நுழையும் நுண்தமனியைத் தளர்த்திவிடுகிறது. சுருங்கச் சொன்னால், நீரைச் சேமிக்கும்போது யூரியாவை வெளியேற்றுவது கடினமாகிறது. அதை ஈடுகட்ட அதிகமாக வடிகட்ட வேண்டியிருக்கிறது. எலியில் இந்த விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. மனிதரிடம் சான்று மெல்லியது என்றாலும், வி2 ஏற்பியை அடைக்கும் டோல்வாப்டன் மருந்தைத் தொடங்கியதும் வடிகட்டல் வீதம் சற்றே இறங்கி, நிறுத்தியதும் மீள்வது அதே திசையில்தான் கைகாட்டுகிறது.

கோழிக்கும் இதே ஹார்மோன்தானா?

இல்லை, அதற்கு வேசோடோசின். ஒன்பது அமினோ அமிலங்களில் ஒன்று மட்டும் வேறு. ஆனால் வேலை செய்யும் விதத்தில் பெரிய வித்தியாசம் உண்டு: பறவைகளில் நீர் குறையும்போது இது சில நெஃப்ரான்களுக்குப் போகும் நுண்தமனியையே நெருக்கி, அவற்றின் வடிகட்டலை நிறுத்திவைக்கிறது. அதாவது முதல் கேள்வியைக் கோழி கேட்டிருந்தால் ‘ஆம்’ என்றே சொல்லியிருப்பேன். (பன்றிக்கு இன்னொரு கதை. அது பாலூட்டி என்றாலும் அதன் வேசோபிரசினில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் லைசின்.)

அப்பாவுக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 1.8; சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் வேசோபிரசின் அடங்கி, சிறுநீரகம் தேறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

செய்தி வானத்திலிருந்து விழுந்ததல்ல. சிறுநீரகத்தின் பெரும்பகுதியை அகற்றிய எலிகளுக்கு நீரைக் கூட்டியபோது சிறுநீரில் புரத ஒழுக்கு குறைந்தது. ஆனால் கனடாவில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 631 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு கூடுதலாக நீர் குடிக்க ஊக்குவித்தும் வடிகட்டல் குறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேசோபிரசினைத் தடுப்பது பலன் தருவதாக உறுதியானது பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில்தான். கட்டிகள் வளர இந்த ஹார்மோன் தூண்டுதல் என்பதால் அங்கே டோல்வாப்டன் கொடுக்கிறார்கள், கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே.

அப்பாவுக்குக் கால் வீக்கமோ இதயக் கோளாறோ இருந்தால் கூடுதல் நீரே ஆபத்து. இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். எத்தனை லிட்டர் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

பீர் குடித்தால் சிறுநீர் தாராளமாகப் போகிறதே, சிறுநீரகம் நன்றாக வடிகட்டுவதால்தானே? கல்லும் கரையும் என்கிறார்கள்.

மதுவால் பிட்யூட்டரி வேசோபிரசினை விடுவிப்பது தடைபடுகிறது, அவ்வளவுதான். மீட்கப்பட வேண்டிய நீர் வீணாகப் போகிறது. மறுநாள் காலை நாக்கு வறள்வதில் அதற்கும் பங்குண்டு. வடிகட்டல் கூடவில்லை, கல்லும் கரையாது.