மலையகத்தில் இருந்துகொண்டே ஆடை வடிவமைப்புக்கான கான்செப்ட்டை உருவாக்கவும் முன்வைக்கவும் பழக முடியுமா?

உயர்தரம் எழுதிவிட்டு நோர்வூட்டில் இருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: ஆடை வடிவமைப்பு படிக்க ஆசை, ஆனால் எல்லோரும் ‘கான்செப்ட்’ கேட்கிறார்கள். அது எங்கிருந்து வரும், வந்தால் எப்படி முன்வைப்பது, கொழும்புக்குப் போகாமல் இதைப் பழக முடியுமா?

பழகலாம். நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் மாதிரிப் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது ஹட்டனில் பிள்ளைகளுக்குத் தையலும் வரைதலும் சொல்லிக்கொடுக்கிறேன். ‘இயற்கை’, ‘தேயிலை’, ‘பெண்மை’ என்று தலைப்போடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எதைப் பார்த்தீர்கள்?” என்றுதான். கண்ணால் பார்த்த ஒரு பொருள், அது ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி, அந்தக் கேள்விக்கு ஆடையாலேயே ஒரு பதில். கான்செப்ட்டுக்கு இவ்வளவு போதும். பொருள் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

உங்கள் வீட்டு வாசலிலேயே கிடைப்பதைச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, அதாவது சாக்குப் போன்ற தடித்த விரிப்பு. அதை ஒரு காலை முழுவதும் பாருங்கள். கவ்வாத்து என்று கிளைகளை வெட்டி வெட்டித் தேயிலைச் செடியின் கிளைகள் இறுகிப்போயிருக்கும். நிரைக்குள் நுழைந்ததும் தொடையும் இடுப்பும்தான் அவற்றில் உரசும். இலையில் பனி நிற்கும் நேரத்தில் முதலில் நனைவதும் அந்த இடம்தான். படங்கு எங்கே ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிறது, எதனால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், குனியும்போது எங்கே மடிகிறது, எந்தப் பகுதி முதலில் கிழிகிறது என்று வரையுங்கள். பிறகு தலைக்குப் போங்கள். கூடையின் கயிறு தலையில் இறங்கும் இடத்தில் துணியை எப்படி மடித்து வைத்திருக்கிறார்கள்? விடியற்காலைக் குளிருக்குப் போட்ட பழைய சட்டையை வெயில் ஏறியதும் எங்கே கட்டிக்கொள்கிறார்கள்?

இப்படிப் பார்த்தால் கேள்வி தானாகவே வரும்: முன்பக்கம் மட்டும் காக்கப்பட்டு, பின்பக்கம் காற்றோட்டமாக இருக்கும் ஒரு பாவாடையை மலை நகரத்தில் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்காக எப்படி வெட்டுவது? இதுதான் கான்செப்ட். இதிலிருந்து இருபது முப்பது உருவங்களை வேகமாக வரையுங்கள். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். அவற்றைத் தாண்டிய பிறகுதான் உங்களுடையது வெளியே வரும்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த உடை உழைப்பிலும் இல்லாமையிலும் உருவானது. சாக்கையும் கூடையையும் அலங்காரமாக்கி மேடையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. கட்டியிருப்பவரிடம் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். “அக்கா, இதில் எதை மாற்றினால் உங்களுக்கு நல்லது?” என்றும் கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு அக்கா, கைபேசி நனையாமல் வைக்க ஒரு பை வேண்டும் என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லியிருக்காது.

நிறத்துக்கு வருவோம். ‘பச்சை’ என்று ஒரே நிறத்தைப் பூசிவிடாதீர்கள். கொழுந்தில் மஞ்சள் கலந்திருக்கும், முற்றிய இலை கரும்பச்சை, கவ்வாத்து முடிந்த மலை சாம்பலும் பழுப்புமாக நிற்கும். எந்த நிறம் எவ்வளவு பரப்பில் வருகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். துணிக்கு நீங்களே சாயம் போட்டும் பார்க்கலாம். தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து, நனைத்த பருத்தித் துணியை அதில் ஊறவிட்டால் பழுப்பு ஏறும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறவைத்த நீரைச் சிறிது சேர்த்தால், தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து அந்தப் பழுப்பைச் சாம்பலாக, கருமையாக மாற்றும். இரும்பு கூடினால் நூல் வலுவிழக்கும், ஆகவே அளவாக. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் என்ன சேர்த்தீர்கள், எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள்.

கண்டிப் பக்கம் போக வாய்த்தால் தும்பறைப் பாய் நெய்வதைப் பாருங்கள். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை அது. ஹண என்னும் செடியின் நாரில் நெய்கிறார்கள். அந்த நாரும் தறியும் வளைவுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை, அதனால் மானும் யானையும்கூடக் கோணம் கோணமாகத்தான் வரும். பொருள் எப்படி உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. மாத்தளை அளுவிகாரையில் வடிவமைப்பாளர் ஏனா த சில்வா கிராமத்துப் பெண்களோடு வளர்த்த பத்திக் வேலையும் (மெழுகு பூசிச் சாயம் தோய்ப்பது) பார்க்க வேண்டியதே.

முன்வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முடிந்த ஆடையை மட்டும் காட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. பார்த்தது, அதிலிருந்து எடுத்தது, அது ஆடையில் வந்து சேர்ந்த இடம் என்று வரிசையாக வையுங்கள். எண்ணத்தைக் காட்டப் படங்களும் துணிகளும் ஒட்டும் மூட் போர்டில் இணையத்தில் எடுத்த படங்களைக் குவிக்காமல், நீங்கள் எடுத்த படங்களும் வரைந்தவையும் பாதிக்கு மேல் இருக்கட்டும். துணி மாதிரிகளைத் தொட்டுப் பார்க்கும்படி ஒட்டுங்கள். அவற்றைப் படம் பிடிப்பதானால் மூட்டமான நாளில் ஜன்னலோரம் பிடியுங்கள்; நமக்கு அந்த வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, நிறமும் மாறாது.

ஃபேஷன் உருவப்படத்தில் உடலை ஒன்பது தலை உயரத்துக்கு நீட்டி வரைவது வழக்கம். உண்மையான மனித உடல் ஏறத்தாழ ஏழரைத் தலைதான். ஆகவே அந்தப் படத்தோடு நிறுத்தாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் தட்டையாக, சரியான விகிதத்தில், தையல் கோடு, பை, மூடும் இடம் எல்லாம் தெரிய ஒரு தொழில்நுட்பப் படம் வேண்டும். மாதிரிப் பிரிவில் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். பிறகு காடாத்துணியிலோ பழைய படுக்கை விரிப்பிலோ ஒரு மாதிரி தைத்து, யாருக்காவது உடுத்தி, உட்காரவும் குனியவும் சொல்லிப் படம் எடுங்கள்.

பேசும்போது முதல் வாக்கியத்திலேயே யார், எங்கே, எப்போது உடுத்துவார் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் இடையில் புகுந்து கேள்வி கேட்கும் இடம்தான் உங்கள் விளக்கத்தில் ஓட்டை உள்ள இடம். அதைச் சரிசெய்த பிறகு ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ போகலாம். எண்ணம் தெளிவாக இருந்தால் சிறிய சொற்களே போதும்.

படிப்பைப் பொறுத்தவரை, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. விண்ணப்பக் கையேட்டில் இந்த ஆண்டின் தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் நிறைந்துகொண்டிருக்கும் உங்கள் வரைதல் நோட்டை, அடித்துத் திருத்திய பக்கங்களோடு அப்படியே வைத்திருங்கள். அதில் சில பக்கங்களைப் படமெடுத்து இந்தப் பதிலின் கீழ் போட்டால், எதை மேலும் வளர்க்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.