மகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமா?

வணக்கம் சார். போன ஞாயிறு ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "ஏதோ கருவி செய்கிறார்களாம், வந்து பயன்படுத்திப் பார்க்கச் சொல்கிறார்களாம். கண் தெரியாத பொண்ணுன்னா சோதனை எலியா?" அந்தக் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அனுப்புங்கள். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

அவளை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணன் குழு உருவாக்கிய ஸ்மார்ட்கேன் என்ற பிரம்பு 2014இல் வெளிவந்தது. தயாரித்தது சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். சாதாரண வெள்ளைப் பிரம்பு பள்ளத்தையும் படியையும் சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே இருப்பதைச் சொல்லாது. நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம், தாழ்ந்த கிளை, முனீர்க்கா சந்தில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூலர், இதெல்லாம் நேராக முகத்தில்தான் இடிக்கும். ஸ்மார்ட்கேன், காதுக்குக் கேட்காத மீயொலி அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அதிர்வாக மாற்றிக் கைக்குத் தருகிறது. அந்தக் குழு சக்ஷம் என்ற அமைப்போடு சேர்ந்து, பார்வையற்றவர்களைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்தது. வேறு எப்படிச் செய்ய முடியும்? பார்வையுள்ள மாணவன் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் அவனுக்குத் தெரிவது முதல் நாள் பயம் மட்டும்தான். உங்கள் மகளுக்கு இருப்பது பதினைந்து வருடப் பழக்கம். இரைச்சலுக்குள் எந்தச் சத்தத்தை நம்புவது, அதிர்வு எவ்வளவு நேரம் வந்தால் எரிச்சலாகும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

உங்கள் சந்தேகமும் வீண் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனை ஓர் ஆய்வுக்கு நானே அழைத்துப் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டீயும் சான்றிதழும் கிடைத்தன. அவன் சொன்ன குறைகள் என்ன ஆயின என்று இன்றுவரை தகவல் இல்லை. இதில் வேடிக்கை, பார்வையற்றவர்களுக்கான அந்த ஆய்வின் ஒப்புதல் படிவத்தை ஸ்கேன் செய்த படமாக அனுப்பியிருந்தார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பானால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அதனால் கேளுங்கள். ஆய்வில் கலந்துகொள்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? படிவத்தை அவளே படிக்கும் வடிவில் தருவார்களா? போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் பணம் உண்டா? (கேட்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே யாரும் இலவசமாக வேலை பார்ப்பதில்லை.) வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்? பாதியில் போதும் என்றால் விட்டுவிடுவார்களா? எல்லாவற்றையும்விட முக்கியம், கருவி பாதி முடிந்த நிலையில் கூப்பிடுகிறார்களா, எல்லாம் முடிந்தபின் பாராட்டு வாங்கக் கூப்பிடுகிறார்களா? இரண்டாவது என்றால் போகாவிட்டாலும் நஷ்டமில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். சோதனைக்குப் போய்வருவது ஒரு வேலை ஆகாது. வருடத்துக்கு நாலு தடவை கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்கிற இடத்தில் அவள் உட்கார வேண்டும். நடக்காத காரியம் இல்லை. உலகம் முழுக்கப் பயன்படும் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006இல் தொடங்கியவரே ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் ஒருவர்தான்.

அவள் உளவியல் முதலாண்டு என்றீர்கள். நல்ல பொருத்தம். இப்படி ஆட்களைக் கூப்பிட்டுக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்க்கும் பயனர் ஆய்வுக்குத் தேவையான பாதி அதிலேயே இருக்கிறது, மீதிப் பாதி புள்ளியியல். "படம் நிறைய வரும், உனக்குக் கஷ்டம்" என்று கல்லூரியில் யாராவது அந்தப் பாடத்தைத் தவிர்க்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டுமே எழுத்தாகத் தட்டி வேலை செய்பவை, திரைவாசிப்பானோடு நன்றாகவே ஒத்துப்போகும். அப்புறம் இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளை இந்தக் கோடை விடுமுறையிலேயே படிக்கத் தொடங்கலாம், காசு கிடையாது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. வங்கிகளும் செயலிகளும் தங்களைச் சரிசெய்ய ஆள் தேடத்தான் வேண்டும். மேற்படிப்புக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், தப்பில்லை. ஆனால் அறைக்குள் போகாதீர்கள், உங்களைப் பார்த்ததும் அவர்கள் கேள்வியை உங்களிடம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. படிவத்தில் கையெழுத்து அவளுடையது. நீங்கள் கேன்டீனில் ஒரு காபி சாப்பிடுங்கள், முடிந்ததும் அவளே கூப்பிடுவாள்.